பதினேழாவது கருவி

அத்தியாயம் பதினொன்று

சாரல் தொடங்கி நான்கு வாரம் ஆகிவிட்டது. தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்த மாதங்களில் போன் வந்தால் எடுக்கவே பயம். எடுத்ததும் சுகமா என்று யாரும் கேட்பதில்லை, குற்றாலத்துல தண்ணி விழுதா என்றுதான் கேட்பார்கள். விழுகிறது என்று சொன்னால் சனிக்கிழமை காலை வாசலில் ஒரு வேன் நிற்கும். விழவில்லை என்று சொன்னாலும் நிற்கும், எதற்கும் நேரில் பார்த்துவிட்டுப் போகலாமே என்று.

வல்லிநாயகம் அண்ணாச்சி வீட்டுக்கு இந்தச் சீசனில் மூன்று வேன் வந்து போயிற்று. நாலாவது நாளை மறுநாள் வருகிறது. அதற்குக் காய்கறி வாங்கத்தான் வியாழக்கிழமை காலையிலேயே அண்ணாச்சி பாவூர்சத்திரம் சந்தைக்குப் பஸ் ஏறினார். போகும்போது தெருவில் நாலு பேரிடம் நின்று, மகன் ஷார்ஜாவிலிருந்து நேற்றுக்கூடப் பேசினான், அங்கே ஐம்பது டிகிரியாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அது அவருடைய வழக்கம். நாங்களும் வழக்கம்போல ஆச்சரியப்பட்டோம்.

அந்த மகன் சிவசைலம் மாசி மாதம் போனவன். அவன் மனைவி பொன்செல்வி மாடி அறையில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். ஆஸ்பத்திரி நோயாளிகளின் விவரங்களைச் சரிபார்த்து ஏற்றும் வேலை. அதற்கு மாமனாரிடம் அனுமதி வாங்க அவள் நாலு மாதம் பட்ட பாட்டை இந்தப் பக்கங்களில் படித்தவர்களுக்கு மறந்திருக்காது. கடைசியில் வல்லிநாயகம் சொன்ன தீர்ப்பு, வீட்டுக்குள் இருந்து செய்வதென்றால் செய்யட்டும், சென்னைக்குப் போய்ச் செய்வதென்றால் அந்த வேலையே வேண்டாம் என்பது.

போன வாரம் அவள் லேப்டாப்பில் ஒரு மெயில் வந்து விழுந்ததே, அது இதுதான். வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு வைஃபையில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று ஸ்கேன் செய்து பட்டியல் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் உடையவர் பெயர், உறவு, அது இருக்கும் இடம். ஒரு வரிகூடக் காலியாக இருக்கக் கூடாது. வியாழன் மாலை நான்கு மணிக்குள் போகாவிட்டால் லேப்டாப் பூட்டிக்கொள்ளும், திங்கட்கிழமை சென்னை ஆபீஸில் நேரில் வந்து உட்கார வேண்டும்.

சென்னை என்றால் வேலையே இல்லை என்று ஏற்கெனவே வீட்டில் சொல்லியாகிவிட்டது. ஆக, நான்கு மணி என்பது பொன்செல்விக்கு நான்கு மணி மட்டும் இல்லை.

காலை ஒன்பதரைக்கு அவள் டீம் லீடர் ஜெபமலர் போனில் வந்தாள். ஜெபமலருக்குத் தென்காசிக்குப் பக்கத்துச் சுரண்டைதான் ஊர். பத்து வருடமாகச் சென்னையில் இருந்தாலும் அவசரம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

ஆபீஸ் மென்பொருளில் கூடுதலாக ஒரு சின்னத் துண்டை மாட்ட வேண்டும். ப்ளக்-இன் என்று அதற்குப் பெயர். அதை இறக்கி, மாட்டி, கேட்கிற அனுமதிகளையெல்லாம் கொடுத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் அது வீட்டு வைஃபையின் ஒவ்வொரு முகவரியாகப் போய்க் கதவைத் தட்டிப் பார்க்கும். யார் குரல் கொடுக்கிறார்களோ அவர்களைப் பட்டியலில் எழுதிக்கொள்ளும். எங்கள் தெருவில் இதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு இத்தனை மரியாதை கிடையாது.

பொன்செல்வி பொத்தானை அழுத்தினாள். பட்டியல் வந்தது. இரண்டே வரி. ஒன்று அவள் லேப்டாப், இன்னொன்று ரூட்டர்.

அவளுக்கு உயிர் வந்தது. இதற்கா ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தோம் என்று நினைத்தாள். ஜெபமலரிடம் சொன்னாள்.

“வீட்டுல டிவி இல்லையா பொன்செல்வி?”

“இருக்கே அக்கா.”

“அப்ப அது எங்க? நீ ஆபீஸ் லைன்ல நின்னுக்கிட்டு வீட்டைத் தேடுற. அந்த லைனைக் கட் பண்ணிட்டு, ரூட்டருக்கு அடியில ஒட்டியிருக்கும் பாரு ஒரு நம்பர், அதைக் கொண்டுபோய் ரேஞ்சுங்கற இடத்துல போடு. ரூட்டர் முப்பது நாள் வருகைப் பதிவு வச்சிருக்கும், அதையும் சேர்த்து எடுக்கச் சொல்லி ஒரு டிக் போடு. அப்புறம் பாரு.”

ரூட்டர் மாடிப்படித் திருப்பத்தில், பின்சந்துப் பக்கம் பார்த்த ஜன்னல் விளிம்பில் இருந்தது. பொன்செல்வி அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, கண்ணாடி போடாமல் எண்ணைப் படித்து, இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவை சரியாக அடித்தாள். சுழல் சுற்றியது. பத்து நிமிடம் சுற்றியது. பட்டியல் வந்தபோது பதினேழு வரி இருந்தது.

பதினேழில் பெயரோடு வந்தது ஒன்றுகூட இல்லை. எல்லாம் எண்ணும் எழுத்தும் கலந்த முகவரிகள். பக்கத்தில் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்தது, எப்போது போனது என்ற விவரம். இப்போது வைஃபையில் இருப்பவை பச்சையாகவும் மற்றவை சாம்பல் நிறமாகவும் தெரிந்தன.

அவள் படியிறங்கிப் போய் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அகிலாண்டேஸ்வரி அரிவாள்மணையை விட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே மாடிக்கு வந்தாள். நல்ல மனுஷி. வாய் மட்டும் கொஞ்சம். இந்தப் பத்து நாளாக அவளிடம் ஒரு மாற்றம் தெரிகிறதென்று தெருவில் பேச்சு. மத்தியானம் பன்னிரண்டே முக்கால் ஆனால் குப்பை போடப் பின்சந்துக்குப் போகிறாள். குப்பை வண்டி காலை ஏழு மணிக்கே வந்து போய்விடும் என்பது தென்காசிக்கே தெரியும். கையில் குப்பைக் கூடையோடு ஒரு தூக்குச்சட்டியும் இருக்கும். குப்பையைத் தூக்குச்சட்டியில் வைத்துக் கொட்டுகிற வீட்டை நாங்கள் இப்போதுதான் பார்க்கிறோம். ஆனாலும் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எத்தனை கஷ்டம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

“அத்தை, நம்ம வீட்டுல மொத்தம் எத்தனை போன் இருக்கு?”

“ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, ஒங்க மாமாவுக்கு ஒண்ணு. போன் என்ன கோழியா, குஞ்சு பொரிக்கதுக்கு?”

அந்த மூன்றோடு டிவி, லேப்டாப், ரூட்டர். ஆறு ஆயிற்று. ஏழாவதைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் பிடித்தது. அது சிவசைலம் அப்பாவுக்கு அனுப்பிய வாட்ச். நடக்கிற அடிகளை எண்ணும். வல்லிநாயகம் தினமும் ஆறாயிரம் அடி நடப்பதாக டாக்டரிடம் காட்டிப் பாராட்டு வாங்கியிருக்கிறார். அண்ணாச்சி பாவூர்சத்திரம் போயிருக்க வாட்ச் ஏன் பச்சையாக இருக்கிறதென்று தேடிப்போனால், அது சமையலறையில் ஓடுகிற கிரைண்டரின் மேல் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் நாலாயிரம் அடி நடந்திருந்தது.

மற்ற நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அன்று பொன்செல்வி வாட்சை எடுத்து வைத்துவிட்டு, ஏழு என்று எழுதினாள்.

மீதி பத்து.

அப்போதுதான் அவளுக்கு விருந்தாளிகள் ஞாபகம் வந்தது. வேனில் வந்த எல்லாரும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் பாஸ்வேர்ட் கேட்டவர்கள்தான். ஆனால் யார் யார் போன் எது என்று எப்படிச் சொல்வது? முகவரியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, தேதி மட்டும்தான் இருக்கிறது.

“தேதியச் சொல்லு பாப்போம்,” என்றாள் அகிலாண்டேஸ்வரி.

“இருபத்தெட்டு. சாயங்காலம் வந்து முப்பதாம் தேதி காலைல போயிருக்கு. நாலு போன்.”

“இருபத்தெட்டா? அன்னைக்கு வந்து எறங்குனதும் அடை. மறுநாள் சொதி வச்சேன். கோவில்பட்டிக்காரவிய. மாப்பிள்ளை, அவ, ரெண்டு புள்ளைய. சின்னது சொதியத் தொடவே இல்ல, போனையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.”

பொன்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். இந்த அம்மாள் காலண்டரைப் பார்த்து நாளைச் சொல்கிறவள் இல்லை. அடுப்பைக் கேட்டுச் சொல்கிறவள். ஐந்தாம் தேதி என்றால் கூட்டாஞ்சோறு, மதுரைக்காரர்கள், மூன்று போன். பதினொன்று என்றால் உளுந்தங்களி, நாகர்கோவில் சித்தப்பா ஒருத்தர் மட்டும், அவருக்கு இடுப்பு வலி. ஒவ்வொரு சமையலுக்கும் ஆள் வந்தது. ஆளுக்குப் போன் வந்தது. பன்னிரண்டு மணிக்குள் பதினைந்து வரி நிரம்பிவிட்டது.

மீதி இரண்டு.

“அத்தை, பாஸ்வேர்ட நீங்க வேற யார்ட்டயும் சொன்னீங்களா?”

“நான் ஏன் சொல்லுதேன்? வாரவன் போறவன் எல்லாம் அடுப்படில வந்து நின்னு கேக்கான். தோசையத் திருப்பவா, எழுத்து எழுத்தாச் சொல்லவா? அதான் ஒரே இடமா எழுதி வச்சிட்டேன்.”

“எங்க?”

அகிலாண்டேஸ்வரி கொஞ்சம் தயங்கினாள். பிறகு கொல்லைப் பக்கம் கையைக் காட்டினாள்.

அந்த வீட்டில் ஒரு பச்சை வாளி உண்டு. அதைக் குற்றால வாளி என்று சொல்வார்கள். அருவிக்குக் கிளம்புகிற விருந்தாளிகளுக்கு அதில்தான் நல்லெண்ணெய்ப் புட்டி, சீயக்காய்ப் பொட்டலம், துண்டுகள் எல்லாம் வைத்துக் கொடுத்தனுப்புவார்கள். யாரும் மறக்காத ஒரே பொருள் அதுதான் என்பதால், அழியாத கறுப்பு மையில், வாளியின் வயிற்றில், ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலத்துக்குப் பாஸ்வேர்டை எழுத வைத்திருந்தாள். எழுதிக் கொடுத்தது மதுரைப் பையன். நல்ல கையெழுத்து.

அந்த வாளி இந்தச் சீசனில் மெயினருவிக்கு நாலு முறை, ஐந்தருவிக்கு மூன்று முறை, பழைய குற்றாலத்துக்கு இரண்டு முறை போய் வந்திருக்கிறது. அருவிக்கரையில் வரிசையில் நிற்பவர்கள் எத்தனை ஆயிரம் பேர், அவர்கள் கண்ணெதிரில் எத்தனை மணி நேரம் அது உட்கார்ந்திருக்கும்!

பொன்செல்வி கொல்லைக்கு ஓடி வாளியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். படித்தவன் இந்தச் சந்தில் வந்து நின்றால் போதும். அவள் லேப்டாப்பில் இருப்பது மூவாயிரம் நோயாளிகளின் விவரம்.

உடனே பாஸ்வேர்டை மாற்றிவிடலாமா என்று ஜெபமலரிடம் கேட்டாள். மாற்றாதே என்றாள் அவள். மாற்றினால் அந்த இரண்டும் இனிமேல் வராது, ஆனால் வந்துபோன வரி அழியாது. பெயரில்லாத வரியோடு பட்டியல் போனால் கதை முடிந்தது. பொய்ப் பெயர் போடலாம் என்று நினைக்காதே, கோயம்புத்தூரில் ஒருத்தி தெரியாத போனைத் தன் வீட்டு டிவி என்று எழுதி நேற்றே மாட்டிக்கொண்டாள். இன்னொரு டிக் இருக்கிறது, பெயரைக் கேள் என்று. அதைப் போட்டால் அந்த நேரத்தில் பச்சையாக இருக்கிற கருவி தன் பெயரைத் தானே சொல்லும். சாம்பலாக இருப்பவை சொல்லாது. போட்டுவிட்டுக் காத்திரு.

அந்த டிக் எங்கே இருக்கிறதென்று பொன்செல்வி தேடிக்கொண்டிருக்கும்போதுதான் பதினேழாவது வரி பச்சையானது. மணி பன்னிரண்டு நாற்பத்தெட்டு.

“அத்தை, இங்க பாருங்க. இப்ப வந்திருக்கு.”

அகிலாண்டேஸ்வரி எழுந்துவிட்டிருந்தாள். அடுப்பில் ரசம் இருக்கிறது என்றாள். ரசத்தை இறக்கியாகிவிட்டது என்று பொன்செல்வி சொன்னாள். அப்படியானால் குப்பை போட வேண்டும் என்றாள். குப்பை ஓடியா போய்விடும், இந்த இரண்டையும் முடித்துவிட்டுப் போங்கள், தேதி சொன்னால் உங்களுக்குத்தானே ஆள் தெரியும் என்று மருமகள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மாமியார் உட்கார்ந்தாள். ஆனால் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்தாள். கண் படிக்கட்டுப் பக்கமே இருந்தது.

டிக் போடுகிற இடம் மூன்று பக்கம் தள்ளி ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்து, மறுபடி அனுமதி கேட்டு, மறுபடி சுழல் சுற்றி முடிவதற்குள் மணி ஒன்றரை. டிவி தன் பெயரைச் சொன்னது. வாட்ச் சொன்னது. பதினேழாவது வரி சாம்பலாகிவிட்டிருந்தது.

பதினாறாவது, அதிர்ஷ்டவசமாக, பச்சையாகவே இருந்து பெயரையும் சொன்னது. இசக்கி என்று தொடங்கி ஒரு பூ படத்தோடு முடிந்தது. எதிர்வீட்டு இசக்கிச்செல்வி போன வாரம் தண்ணீர் வராத நாளில் அந்தப் பச்சை வாளியை இரவல் வாங்கியிருந்தாள். வாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மற்றதைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. பொன்செல்வி ஜன்னலில் நின்று கேட்டபோது, நான் சீரியல் பார்ப்பதோடு சரி, வேறு ஒன்றுக்கும் தொடுவதில்லை என்று இசக்கிச்செல்வி சத்தியம் செய்தாள். பெயர், உறவு அண்டை வீடு, இடம் எதிர்வீடு. எழுதியாயிற்று.

மீதி ஒன்று.

சாப்பிட உட்கார்ந்தார்கள். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. மாமியார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பாதியில் எழுந்து புறவாசல் கதவைத் திறந்து சந்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். மழைச்சாரலில் சந்து காலியாகக் கிடந்தது. திரும்ப வந்து, தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்து, எதையோ சரிபார்த்து, மூடி வைத்தாள்.

பொன்செல்வி அதைக் கவனிக்கவில்லை. அவள் மனசில் பதினேழாவது வரிதான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டரை மணிக்கு மாடிக்குப் போய் அதன் வருகைப் பதிவை முழுதாக விரித்துப் பார்த்தாள்.

பத்து நாள். ஒரு நாள் தவறவில்லை. தினமும் பன்னிரண்டே முக்காலுக்கு வந்து, ஒரு மணி அடிக்கும் முன் போயிருக்கிறது. இன்றைக்கு மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறது.

விருந்தாளி இப்படி வரமாட்டான். இவன் கணக்காக வருகிறான். வீட்டில் ஆண்பிள்ளை தூங்குகிற நேரம் பார்த்து வருகிறான். பொன்செல்வி ஜன்னல் கதவைச் சாத்தினாள். பிறகு திறந்து சந்துப் பக்கம் பார்த்தாள். பிறகு மறுபடி சாத்தினாள். ஷார்ஜாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வேலை நேரமாக இருக்கும். இந்தப் பத்துப் பன்னிரண்டு நாளாக அவன் ராத்திரியில் பேசும்போதுகூட முகம் காட்டுவதில்லை, அறையில் இன்டர்நெட் சரியில்லை என்கிறான். முந்தாநாள் பேசும்போது பின்னால் மழைச் சத்தம் கேட்டது. அங்கே மழையா என்று கேட்டாள். ஏசி ஒழுகுகிறது என்றான்.

இந்த இடத்தில் எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் இரண்டையும் இரண்டையும் கூட்டியிருப்போம். ஆனால் பயந்திருக்கிறவளுக்குக் கூட்டல் வராது. அதோடு, அவன் அவளுடைய புருஷன்.

மூன்றே காலுக்கு அவள் மாமியாரை மறுபடியும் மாடிக்குக் கூப்பிட்டாள்.

“அத்தை, இது கடைசி. ஒன்பதாம் தேதில இருந்து தினமும் ஒரே நேரம். பன்னிரண்டே முக்கால். ஒன்பதாம் தேதி என்ன வச்சீங்க?”

அகிலாண்டேஸ்வரி படிக்கட்டைப் பார்த்தாள்.

“பத்தாம் தேதி?”

“ஞாபகம் இல்லம்மா.”

பொன்செல்வி திரையை விட்டுக் கண்ணை எடுத்தாள். காலையில் முப்பது நாள் சமையலை வரிசையாக ஒப்பித்த வாய் அது. சின்னப் பிள்ளை சொதியைத் தொடவில்லை என்பது வரை ஞாபகம் வைத்திருந்த வாய்.

“நேத்து என்ன வச்சீங்க அத்தை?”

“நேத்து...” என்று தொடங்கி மாமியார் நிறுத்திவிட்டாள். முந்தானையை இழுத்து விரலில் சுற்றினாள். “ஏதாவது ஒரு பேரப் போட்டு அனுப்பிவிட்டிரு செல்வி. பால்காரன்னு போடு. கேபிள்காரன்னு போடு. சென்னைல இருந்து எவன் வந்து பாக்கப் போறான்?”

“பொய்யின்னு தெரிஞ்சா வேல போயிரும். திங்கக்கிழம சென்னைக்கு வரச் சொல்லுவாங்க. மாமா விடுவாங்களா?”

“விடமாட்டாவ.”

“அப்ப யாருன்னு தெரிஞ்சா சொல்லிருங்க. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க, நான் போலீஸ்ல எழுதிக் குடுக்கேன். சந்துல எவனோ நின்னு வேவு பாக்கான்னு.”

போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அகிலாண்டேஸ்வரி மருமகளின் கையை எட்டிப் பிடித்தாள். இரண்டு பேர் கையும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தது.

மூன்றரைக்கு ஜெபமலர் செய்தி அனுப்பினாள், முடிந்ததா என்று. மூன்று நாற்பதுக்கு மறுபடி. மூன்று நாற்பத்தைந்துக்கு, பாதியாவது அனுப்பு, நான் மேலே பேசிப் பார்க்கிறேன், ஆனால் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று.

மூன்று ஐம்பத்தொன்றுக்குப் பதினேழாவது வரி பச்சையானது.

பொன்செல்வி குனிந்து பார்த்தாள். முகவரிக்குப் பக்கத்தில் இருந்த காலிக் கட்டத்தில் ஒரு சின்னப் புள்ளி சுழன்றது. பிறகு அந்தக் கட்டத்தில் ஒரு பெயர் வந்தது. ஆங்கில எழுத்தில், ஆனால் தமிழில். செல்வி ஆளு.

அந்தப் பெயரை வைத்தது அவள்தான். மாசி மாதம், அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அவன் போனை வாங்கி, அமைப்புகளுக்குள் போய், கம்பெனிக்காரன் வைத்த பெயரை அழித்துவிட்டு இதை அடித்தாள். அங்கே எந்த வைஃபைக்குள் போனாலும் நீ யாருடைய ஆள் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் போகணும் என்று சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். போன் மறக்கவில்லை. அவனுக்கு ஒளியத் தெரிந்திருக்கிறது. பழகிய வீட்டின் பக்கத்தில் வந்ததும் தானாக உள்ளே நுழைகிற போனுக்கு அது தெரியவில்லை.

அகிலாண்டேஸ்வரிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பச்சை நிறம் தெரியும். மருமகளின் முகமும் தெரிந்தது.

“அத்தை,” என்றாள் பொன்செல்வி. “அவிய எப்ப வந்தாவ?”

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எப்போது வந்தான் என்றோ, ஏன் வந்தான் என்றோ அவள் சொல்லவில்லை. பத்து நாளாக எங்கே படுக்கிறான், அப்பாவிடமும் பெண்டாட்டியிடமும் சொல்லக் கூடாதென்று எதற்காகச் சத்தியம் வாங்கினான், ஒன்றையும் சொல்லவில்லை. அவள் சொன்னது வேறு.

“மத்தியானம் நான் சந்துக்குப் போகல. பிள்ள இன்னும் சாப்பிடல, செல்வி.”

பொன்செல்விக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் திரும்பி லேப்டாப்பைப் பார்த்தாள். மணி மூன்று ஐம்பத்தைந்து. கேட்டிருப்பது மூன்று கட்டம். பொய் எழுதினால் ஒரு நாள் மாட்டும். காலியாக விட்டால் இன்றைக்கே போகும். உண்மையை எழுதினால், அது சென்னைக்குப் போகிற காகிதம்தான், ஆனால் எழுதிய பிறகு அவளால் அதைத் தெரியாத மாதிரி இருக்க முடியாது.

உடையவர் என்ற இடத்தில் சிவசைலம் என்று அடித்தாள். உறவு என்ற இடத்தில் கணவர். கருவி இருக்கும் இடம் என்று கேட்ட கட்டத்தில் ஷார்ஜா என்று அடிக்க விரல் போயிற்று. அந்த விரலை நிறுத்தி, புறவாசல் என்று அடித்தாள். அனுப்பினாள். மூன்று ஐம்பத்தேழு. பதினேழு வரியும் பெறப்பட்டன என்று ஒரு பதில் வந்தது. அதை அவள் நின்று படிக்கவில்லை.

படியில் இறங்கினாள். சமையலறை மேடையில் தூக்குச்சட்டி இருந்தது, ஆறிப்போய். அதை எடுத்துக்கொண்டு புறவாசல் கதவுக்குப் போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பதும், மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டுவதும் கேட்டது. பத்து நாளாக எங்கள் சந்தில் ஹெல்மெட்டும் மழைக்கோட்டுமாக ஒரு ஆள் வந்து போவதை நாங்களும் பார்த்தோம். சீசனில் மழைக்கோட்டு போட்டவனையெல்லாம் கூப்பிட்டா அடையாளம் கேட்க முடியும்?

அவள் தாழ்ப்பாளை இழுக்கப் போன நேரத்தில் சந்து முனையிலிருந்து செருப்புச் சத்தம் வந்தது. கூடவே ஒரு இருமல். அந்த இருமலை இந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது.

காய்கறி மூட்டை அந்த வீட்டுக்குள் எப்போதும் புறவாசல் வழியாகத்தான் வரும். முன்கூடம் அழுக்காகக் கூடாது. அது வல்லிநாயகம் அண்ணாச்சி போட்ட சட்டம்.

“யாரு தம்பி, குற்றாலத்துக்கு வந்தவியளா?” என்று அவர் கேட்பது கதவு வழியாகக் கேட்டது. “வழி தெரியாம சந்துக்குள்ள வந்துட்டீங்களா? இந்தச் சாக்க ஒரு கை புடிங்க, தோள்ல இருந்து எறக்கணும்.”

பதில் எதுவும் வரவில்லை. ஆனால் மூட்டை மெதுவாக, சத்தமில்லாமல், படியில் இறங்கியது. இரண்டு கை சேர்ந்து இறக்கினால்தான் அப்படி இறங்கும்.

பொன்செல்வியின் பின்னால் மாமியார் வந்து நின்றாள். மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். தாழ்ப்பாளில் இருந்த கையைப் பொன்செல்வி எடுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

வெளியிலிருந்து மாமனார் கதவைத் தட்டினார்.

“செல்வி, கதவத் திறம்மா. ஒரு வாய் காப்பி போடு. பாவம், ஆளு நனைஞ்சுக்கிட்டு நிக்காரு.”